பல் பிடுங்குகிறவனுக்குக் கண் வரைந்தது

அன்புள்ள கண்ணு,

இங்கே நானும் உன் அப்பாவும் நலம், அவருடைய வலது முழங்காலைத் தவிர. அது மட்டும் தனிக்குடித்தனம் போனதுபோல் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியாரும் சுகமாக இருக்க வேண்டும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய இடத்தில் வீக்கம் வடிந்ததா? வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளி, நாக்கை விட்டு அந்தக் குழியைத் துழாவிக்கொண்டே இருக்காதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. நீ கேட்ட பள்ளிச் சான்றிதழை இதோடு வைத்திருக்கிறேன். போனில் சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது, அதனால் கடிதம் நீளும். மாப்பிள்ளைக்கு உரக்கப் படித்துக் காட்டாதே, முதலில் நீ தனியாகப் படி.

உனக்குப் பல் போன நாளிலிருந்து நானும் பல்லோடுதான் மாரடிக்கிறேன். இப்போது நாங்கள் செப்பனிடுவது ஒரு தேவாலயத்தின் பக்கச் சுவரில் தொங்கும் பழைய படம், பல்வலிக்காரர்கள் வேண்டிக்கொள்ளும் புனித அப்பொலோனியா. அவளைத் தூணில் கட்டியிருக்கிறார்கள், ஒருவன் தலைமுடியைப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கிறான், இன்னொருவன் குனிந்து குறடை அவள் வாய்க்குள் விட்டிருக்கிறான். கீழே ஏற்கெனவே பிடுங்கிய நான்கு பற்கள் கிடக்கின்றன, ஓவியன் சலிக்காமல் வேரோடு வரைந்திருக்கிறான். நாங்கள் அவளைப் பல்லம்மா என்று கூப்பிடுகிறோம். பஞ்சைக் குச்சியில் சுற்றி எச்சிலில் நனைத்துத்தான் அழுக்கு எடுக்கிறோம், சிரிக்காதே, பல அழுக்குக்கு எச்சிலைவிட நல்ல மருந்து கிடையாது. குறடு பிடித்தவனின் முகம் எட்டும் உயரத்தில் இருப்பதால், வேண்டிக்கொள்ள வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அவன் கண்கள் இரண்டையும் சாவியாலும் கொண்டை ஊசியாலும் தோண்டி எடுத்துவிட்டார்கள், உள்ளே வெறும் துணி தெரிகிறது. தேவாலயத்தைப் பெருக்கித் துடைக்கும் அம்மாள் என்னிடம் வந்து, நானும் ஒரு தடவ குத்திருக்கேம்மா, அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு அடிச்சிட்டாரு, அவரக் குத்த முடியுமா, இவனக் குத்துனேன், என்று வெட்கத்தோடு சொன்னாள். இத்தனை பேர் அவன் கண்ணைத் தோண்டினார்களே, மெழுகுவர்த்திப் புகை படிந்து கறுத்துக் கிடந்த பல்லம்மாவின் முகத்தை ஒருவராவது ஈரத் துணியால் துடைத்துவிட்டதில்லை.

கண் வரைவதா வேண்டாமா என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. குருடனாவே கெடக்கட்டும், செஞ்ச பாவத்துக்கு அது போதாது, என்றார் பாதிரியார். எங்கள் குழுவில் உருப்பெருக்கியைத் தலையிலிருந்து கழற்றாமல் திரிகிற ஒருத்தி இருக்கிறாள், பூதக்கண்ணாடி என்று பெயர். குருடன் கையில கொறட்ட குடுத்தா ஈறோட வந்துரும் ஃபாதர், நம்ம பல்லம்மா பாவம்ல, என்று அவள் சொல்லவும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் வரைவதென்று முடிவாகி வேலை என் தலையில் விழுந்தது. பார்த்து வரைய இந்தப் படத்தின் பழைய போட்டோகூடக் கிடையாது. இடது கண்ணின் கீழிமை மட்டும் நகக்கண் அளவுக்கு மிச்சம். அது சுருங்கியிருந்த விதத்தைப் பார்த்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். அது கோபத்தில் சுருங்கியதில்லை, ஊசியில் நூல் கோர்க்கும்போது சுருங்குமே, அப்படி.

மாதிரிக்காக வேறு ஓவியர்களின் அப்பொலோனியாக்களைப் புத்தகம் புத்தகமாகப் புரட்டினேன். முக்கால்வாசிப் படங்களில் பிடுங்குகிறவனே இல்லை. அவள் மட்டும் நல்ல பட்டு உடுத்தி, குறடைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு, அதன் நுனியில் தன் பல்லோடு, ஒன்றும் நடக்காததுபோல் நிற்கிறாள். மற்றப் புனிதர்களும் அப்படித்தான், உயிரோடு தோலுரிக்கப்பட்ட பர்த்தலமேயு தன் தோலைத் தானே சால்வைபோல் மடித்துக் கையில் போட்டிருக்கிறார், கண் பிடுங்கப்பட்ட லூசியா தன் கண்களைத் தட்டில் ஏந்தியிருக்கிறாள். எங்கள் தொழிலில் இதற்கு அடையாளம் என்று பெயர், அதை வைத்துத்தான் யார் யாரென்று சொல்கிறோம். செய்தவன் படத்திலிருந்து நைசாக நழுவிவிடுகிறான், கருவியைப் பட்டவள் கையில் கொடுத்துவிட்டு.

இந்தச் சான்றிதழைக் கேட்கும் படிவத்தை நீ போட்டோ எடுத்து அனுப்பியது அந்த வாரம்தான். அங்க அடையாளம் என்ற கட்டத்தில் இடது புறங்கைத் தழும்பு என்று எழுதியிருந்தாய், சான்றிதழிலும் அதுதான் இருக்கிறது, ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது நான் எழுதிக் கொடுத்தது. பக்கத்தில் ஏற்பட்ட விதம் என்றொரு சின்னக் கட்டம். எட்டு வயதில் இஸ்திரிப் பெட்டியில் நானே கை வைத்தது என்று எழுதட்டுமா அம்மா என்று கேட்டிருந்தாய். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிய கதையைக் கேட்டு உன் மாமியார் கண் கலங்கினார் என்றும் எழுதியிருந்தாய். அதை உன் அத்தையிடம் வாசித்துக் காட்டினார் உன் அப்பா. அவள் என்னைப் பார்த்து, அண்ணிக்கும் ஒரு சிலை வச்சிரலாம், கையில அயர்ன் பாக்ஸோட, என்றாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், அன்று வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

அதற்கு மறுநாள்தான் எனக்கு இந்த வேலைக்கான நேர்காணல். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட எடுத்தால் மார்புப் பக்கம் முழுக்க நீல மை. நீதான் என்று நினைத்தேன். நீ இல்லை என்றாய், மறுபடியும் இல்லை என்றாய். சூடான பெட்டியை உன் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததும் ஆமாம்மா நான்தான் என்றாய். அப்போ முதல்ல பொய் சொன்னியா என்று கேட்டு அழுத்தினேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மூன்று எண்ணாததை இத்தனை வருஷமாக என் நல்ல குணம் என்று வைத்திருந்தேன். எதிரே பீரோக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, அதில் கோபமே இல்லை கண்ணு, ஒரு காரியத்தைச் சரியாகச் செய்கிறவளின் கவனம்தான் இருந்தது. வெறுங்காலோடு ஓடியது உண்மை, அத்தை கேள்வி கேட்பதற்குள் படியிறங்க வேண்டும் என்று. போகிற வழியில் நானே வச்சுட்டேன் என்று உன்னை மூன்று தடவை சொல்ல வைத்தேன். டாக்டர் கேட்டபோது நீ என்னைத்தான் முதலில் பார்த்தாய், பிறகு அழகாகச் சொன்னாய். மறுநாள் கட்டுப் போட்ட கையோடு உன்னை விட்டுவிட்டு நேர்காணலுக்குப் போனேன், வேலையும் கிடைத்தது. அந்த வாரமே அழுக்குக் கூடையில் அப்பாவின் பேனாவைக் கண்டுபிடித்தேன், மூடி கழன்று கசிந்திருந்தது. கழுவித் துடைத்து அவர் பையிலேயே வைத்துவிட்டேன். அதற்குள் நீயே அந்தக் கதையை நம்ப ஆரம்பித்திருந்தாய், எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

எனவே அவன் கண்களுக்கு மாதிரி தேட வேண்டியிருக்கவில்லை. நான்கு நாளில் வரைந்து முடித்தேன். பெருக்குகிற அம்மாள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இவன் கோவக்காரன்னுல்ல நெனச்சேன், நம்மள மாதிரில்ல இருக்கான், என்றாள். மறுபடியும் யாராச்சும் குத்திட்டா என்ன செய்வீங்க என்று கேட்டாள். குத்தவே வேண்டாம், நாங்கள் வைக்கிற நிறம் எதுவும் ஈரப் பஞ்சு பட்டால் போய்விட வேண்டும், அதுதான் எங்கள் தொழிலில் விதி என்றேன். மேலே வார்னிஷ் பூச இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. என்னைப் பற்றி நீ என்ன முடிவு செய்தாலும் அதை நான் மறுத்துப் பேச மாட்டேன். மன்னிப்பு என்று நான் ஒன்று கேட்டால் அதையும் நீதான் சுமக்க வேண்டியிருக்கும், அதனால் கேட்கவில்லை.

ஏற்பட்ட விதம் என்ற கட்டத்தில் அம்மா வைத்தது என்று எழுது, இரண்டே சொல், தாராளமாக அடங்கும். குறடை நீயே பிடித்துக்கொண்டு நின்றது போதும். இந்த உறையை நாளைக்கு அப்பாதான் தபாலில் சேர்க்கப் போகிறார், நானும் ரெண்டு வரி எழுதட்டுமா என்று கேட்டார், இடமில்லை என்று சொல்லிவிட்டேன். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் எல்லா நலமும் கூடி வரட்டும், உன் கைபட்டதெல்லாம் துலங்கட்டும். அசல் சான்றிதழை எவரிடமும் கொடுத்துவிடாதே, நகல் போதும்.

இப்படிக்கு,
கண்ணாடியில் தெரிந்தவள்,
உன் அம்மா