டேட்டாவைத் தீர்த்தது நான்தான்

மஸ்கட்

அன்புள்ள அப்பாவுக்கு,

பிரிட்டோ எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

“டிவியில பூசை பாத்தே மாசத்து நெட்டு பூராத்தையும் தீத்துட்டாரு ஒங்கப்பா” என்று அம்மா போனில் சொன்னபோது, “சரி, இனிமே போடல” என்ற உங்கள் குரலும் கேட்டது. நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

தீர்த்தது நான்தான் அப்பா. திருட்டு பயத்துக்கென்று தருமபுரம் வீட்டில் மாட்டிவிட்டு வந்த கேமராவை, இங்கே பொழுதெல்லாம் போனில் ஓடவிட்டுப் பார்க்கிறேன். அது நம் வீட்டு டேட்டாவைத்தான் தின்கிறது. புது மாதம் பிறந்தும் நீங்கள் டிவியைப் போடாமல் உட்கார்ந்திருப்பதை அதில்தான் பார்த்தேன்.

அம்மாவிடம் நானே சொல்கிறேன். நீங்கள் பூசை பாருங்கள். இனி கேமராவைத் திறக்கமாட்டேன். கம்பெனி வண்டி வந்துவிட்டது.

மகன்,
பிரிட்டோ

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் முழங்கால்தான் தெரிகிறது.