வேம்படிக் கணக்கு வகுப்பு

நாவற்குடா,
12.2.1937

வெல்லாவெளியில் அக்கா வீட்டில் இருக்கும் என் அன்பு மனைவிக்கு,

அந்தக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துக்கு நேற்றுப் போய் வந்தேன். மகளை அங்கே விட்டால் வேதக்காரியாக்கிவிடுவார்கள் என்று நீ சொன்னாய். அதற்கு நான் சொன்னதையும், நீ மகளோடு அக்கா வீட்டுக்குப் போனதையும் இங்கே திரும்ப எழுதவில்லை. கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

ஒரே மண்டபத்தில் அரிவரி முதல் நாலாம் வகுப்பு வரை ஐந்து வகுப்புகள். ஆசிரியைகள் மூன்று பேர். நடுவில் ஒரு தட்டிகூட இல்லை. ஒரு வகுப்பு வாய்விட்டு வாசிக்கும்போது மற்றவை சிலேட்டில் எழுதுகின்றன. மணி அடித்ததும் மாறிக்கொள்கின்றன. இரண்டு மணி நேரம் இருந்து பார்த்தேன். எந்த வகுப்பும் இன்னொன்றைக் குழப்பவில்லை.

ஞானோபதேச நேரத்தில் நம் சைவப் பிள்ளைகளும் சோனகப் பிள்ளைகளும் கணக்குச் செய்ய முற்றத்து வேம்படி நிழலுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் வந்த வழக்கைத் தலைமையாசிரியை சிஸ்டர் கிளமென்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னார். வேதக்காரத் தாய்மார் வந்து, "எங்கட புள்ளையள் செபம் சொல்லிக்கிட்டு இருக்க, வேம்படிப் புள்ளையள் கணக்கில முந்திட்டுதுகளே சிஸ்டர்" என்றார்களாம். இப்போது அவர்களுக்கும் பின்னேரத்தில் வேம்படிக் கணக்கு உண்டு.

மகளின் பெயரைப் பதியச் சொன்னேன். சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"தாய்க்கு விருப்பமா?"

"இன்னும் இல்ல."

"அப்ப அவவைக் கூட்டி வாங்க. பார்த்திட்டு அவ சொல்லட்டும்."

நான் ஒரு நாளும் உன்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

திங்கட்கிழமை காலைத் தோணிக்குக் குருமண்வெளித் துறையில் நிற்பேன். பார்த்த பிறகும் வேண்டாம் என்றால், அதை வீட்டுக்கு வந்து சொல்.

இப்படிக்கு,
உன் வீட்டில் தனியே இருப்பவன்