கார்பன் பேட்டும் ஆல்பர்ட்டும்

வாழவந்தி நாடு
12.8.1999

அன்புள்ள சுலோசனா,

அங்கே எல்லோரும் சுகந்தானே? எழுதப்போவது:
1. உடல்நலம்.
2. மகன் கொடுத்த கார்பன் டேபிள் டென்னிஸ் பேட்.
3. பழைய மரப் பேட்டை நீ அனுப்புவது.

நலமே. குளிர்தான் அதிகம், கம்பளி அனுப்பு. கார்பன் பேட் அடித்து ஆடுபவர்களுக்கானது. என்னைப்போல் மெதுவாகத் தள்ளினாலும் பந்து மேசையைத் தாண்டிவிடுகிறது. தினமும் தோற்றால் ஆபீஸ் ஆல்பர்ட் வேறு ஆள் தேடிக்கொள்வார். மாலையில் பேச எனக்கு வேறு யாருமில்லை. ஆகவே பழையதை அனுப்பு.

இதுவரை எழுதிவிட்டு ஆடப்போனேன்.

"ஏனுங்க சார், பந்துக்கு வலிக்கும்னு பயமாங்க? அடிங்க!" என்றார் ஆல்பர்ட்.

பயந்துகொண்டே ஓங்கி அடித்தேன். மேசையில் பட்ட பந்து, அவர் கையைத் தூக்குவதற்குள் சுவரில் மோதிவிட்டது.

"அட சாமி! நாளைக்கும் வந்துருங்க, உங்கள உடமாட்டேன்" என்றார்.

தபால் பையைக் கட்டுகிறார்கள். மூன்றாவதாக எழுதியது தவறு. பழைய பேட் வேண்டாம், கம்பளி போதும்.

தனபால்