கவிழ்த்து மாட்டிய வாளி

ஜூன் 9

மகள் வீட்டிலிருந்து அக்கா போன் செய்தாள். காலில் போட்ட கட்டைப் பிரிக்க இன்னும் இரண்டு மாதம் ஆகுமாம். கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை, மாட்டைப் பற்றி முக்கால் மணி நேரம். "டேய், சுட்டிக்கு நாளையோட ஏழு மாசம் முடியுது. கறவையை நிறுத்திடு. வயித்துல ஒண்ணு வளருது, மடிக்கும் ரெண்டு மாசம் ஓய்வு வேணும். மாட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, மடிநோய் வராம இருக்கக் காம்புக்கு மருந்து ஏத்தச் சொல்லு. வாளியைக் கழுவிக் கவிழ்த்து மாட்டிடு."

வாளி ஆணியில் கவிழ்ந்து தொங்கினால், கன்று விழும்வரை யாரும் மடியில் கை வைக்கக்கூடாது. இந்த வீட்டில் அக்கா போட்ட சட்டம். சரிக்கா என்றேன்.

ஜூன் 10

வாளியைக் கழுவி மாட்டினேன். டாக்டரம்மாவைக் கூப்பிடவில்லை. நாளை.

ஜூன் 11

விடிந்ததும் கொட்டகைக்குப் போனேன். சுட்டி என்னைப் பார்த்துக் கத்தியது. மடி கனத்திருந்தது.

இருபத்தாறு வருடம் தபால் பிரித்த கை இது. பல்பு மாற்றினால் பல்பு உடையும், ஆணி அடித்தால் சுவர் பெயரும். "உன் கைக்கு ஒண்ணுமே வராதுடா" என்று அக்கா சொல்லாத வருடம் இல்லை. அவள் விழுந்து காலை உடைத்துக்கொண்ட பிறகு, வேறு ஆளில்லாமல்தான் மடியில் கை வைத்தேன். பத்து நாள் உதை வாங்கினேன். பதினோராம் நாள் பால் சர்ரென்று இறங்கியது. அன்று கொட்டகையில் தனியாகச் சிரித்தேன், பைத்தியக்காரன் மாதிரி. ஐம்பத்திரண்டு வயதில் கைவந்த ஒரே வித்தை. கைவந்த இரண்டே மாதத்தில் அதை நிறுத்து என்றால்?

ஒரு வேளை மட்டும் கறந்தேன். குக்கரில். வாளி ஆணியில்தான் இருக்கிறது.

ஜூன் 14

"வாளியை மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன்க்கா."

பொய் இல்லை. பொய் இல்லையாம்! எழுதுவதும் நான், படிப்பதும் நான். இதில் யாரை ஏமாற்ற?

ஜூன் 23

இன்று மூன்று லிட்டர். பாதியை எதிர்வீட்டு ஆட்டோ டிரைவர் வீட்டில் கொடுத்தேன். குக்கர் நிறையப் பாலைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சிரிப்பு. "என்னண்ணே, விசில் வந்துச்சா?" பிறகு கொஞ்சம் யோசித்தார். "கன்னு போடப் போற மாடு, இன்னுமா கறக்குறீங்க?"

"தானா சுரக்குது, நான் என்ன பண்ண?"

"உங்களுக்குக் கைராசிண்ணே."

அந்த ஒரு வார்த்தையை நாள் முழுக்க மென்றுகொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 6

சுட்டிக்கு விலா தெரிகிறது. வயிறு மட்டும் பெரிதாகிறது, மற்ற இடமெல்லாம் வற்றுகிறது. தீவனத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறது. நாளையோடு நிறுத்திவிடுவேன்.

ஜூலை 7

நிறுத்தவில்லை.

ஜூலை 18

வீடியோவில் மாட்டைக் காட்டச் சொன்னாள் அக்கா. காட்டினேன். "ஏண்டா இப்படி இளைச்சுப் போயிட்டா?"

"வெயில்க்கா."

"ஒழுங்கா தின்னுறாளா? பொய் சொல்லாதே."

"தின்னுறாக்கா."

இன்றோடு சரி, சத்தியமாக. மருந்து ஏற்ற டாக்டரம்மாவைக் கூப்பிட்டால், இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்பார். மருந்து இல்லாமலே நிறுத்திவிட்டேன்.

ஜூலை 21

பின்பக்கம் வலது காம்பு வீங்கியிருக்கிறது. தொட்டால் நெருப்பாகச் சுடுகிறது. பீய்ச்சிப் பார்த்தேன், திரிதிரியாக வந்தது, ஓரத்தில் ரத்தம். சுட்டி உதைக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தது, அவ்வளவுதான். உதைத்திருக்கலாம்.

ஜூலை 22

டாக்டரம்மா வந்தார். மடிநோய் என்றார். ஊசி போட்டார், காம்புக்குள் மருந்து ஏற்றினார். "கறவை நிறுத்தி எத்தனை நாள் ஆச்சு?"

"ஒன்றரை மாசம்."

எப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் நிமிர்ந்து ஆணியைப் பார்த்தார். வாளி கவிழ்ந்து தொங்குகிறது, அடியில் சிலந்தி வலைகூடக் கட்டிவிட்டது. நம்பிவிட்டார். நான் சொல்ல வேண்டிய பொய்யில் பாதியை அந்த வாளியே சொல்லிவிட்டது.

ஜூலை 25

வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஜூலை 31

டாக்டரம்மா மறுபடி வந்தார். அந்தக் காம்பு தேறாது போலிருக்கிறதாம். "ஆனா கன்னைப் பத்திக் கவலை வேணாம் சார். ஒன்றரை மாசம் ஓய்வு எடுத்த மடி, மத்த மூணு காம்புல சீம்பால் கெட்டியா வரும். கடைசி வரைக்கும் கறந்த மாடா இருந்தாத்தான் பயம். சீம்பால் தண்ணியா வரும், கன்னுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்காது, ஒரு வாரம் தாங்குறதே கஷ்டம். அப்படின்னா வேற மாட்டோட சீம்பாலை முன்னாடியே தேடி வெச்சிருக்கணும்."

தலையாட்டினேன். கேட் வரைக்கும் போய் வழியனுப்பினேன். கேட்டைச் சாத்தினேன்.

ஆகஸ்ட் 1

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2

சொல்லவில்லை. இரண்டு தடவை நம்பரை எடுத்தேன்.

ஆகஸ்ட் 3

காலை ஏழு மணிக்கே சுட்டி படுப்பதும் எழுவதுமாக இருந்தது. இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். போன் செய்து, வணக்கம்கூடச் சொல்லாமல் கொட்டிவிட்டேன். "டாக்டரம்மா, நான் சொன்னது பொய். பதினஞ்சு நாளுக்கு முன்னாடி வரைக்கும் கறந்தேன். குக்கர்ல கறந்தேன்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா இந்நேரம் தேடி வெச்சிருக்கலாமே சார். விழுந்த ஆறு மணி நேரத்துக்குள்ள கன்னு வயித்துல சீம்பால் போகணும். தேடுங்க. நான் கிளம்பி வரேன்."

மாடு வைத்திருக்கும் ஒவ்வொரு வீடாக ஓடினேன். எல்லா வாசலிலும் ஒரே கேள்வி: "ஏன், உங்க மாட்டுக்கு என்ன?" எல்லா வாசலிலும் ஒரே பதில்: "நிறுத்தச் சொன்னாங்க, நான் நிறுத்தல. கறந்துட்டேன்." ஒன்பது வீடு. ஒன்பதாவது வீட்டில் வெட்கமெல்லாம் போய்விட்டது, அழுகைதான் வந்தது. ஒரு அம்மாள் தண்ணீர் கொடுத்தாள். சீம்பால் யாரிடமும் இல்லை.

திரும்பி வந்தால், டிரைவர் ஆட்டோவைத் தெருவில் திருப்பிக்கொண்டிருந்தார். "கேள்விப்பட்டேன். மாமியார் வீட்டு மாடு போன மாசம் கன்னு போட்டுச்சு. ஃப்ரீசர்ல ரெண்டு பாட்டில் இருக்காம். ஏறுங்கண்ணே." வழியில் ஒன்றே ஒன்று சொன்னார்: "நானும் வாங்கிக் குடிச்சேனே. கேட்டுட்டுச் சும்மா விட்டுட்டேன்."

நாங்கள் வந்து சேர்ந்தபோது கன்று விழுந்திருந்தது. கிடேரி, பெண் கன்று. டாக்டரம்மா துடைத்துக்கொண்டிருந்தார். சுட்டியின் காம்பைப் பீய்ச்சிக் காட்டினார், தண்ணீரில் சுண்ணாம்பு கரைத்ததுபோல் இருந்தது. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்து உருக்கினோம். கொதிக்க வைத்தால் வீணாம். பகல் பன்னிரண்டரைக்குக் கன்று முதல் வாய் குடித்தது. என் விரலையும் சேர்த்து இழுத்தது.

ஆகஸ்ட் 5

கன்று நிற்கிறது. சுட்டி தீவனம் தின்கிறது. அந்தக் காம்பு போய்விட்டது.

அக்காவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். வெயில் என்று சொன்னதையும். கடைசிவரை கேட்டாள். "கன்னு?" என்றாள். "நல்லா இருக்குக்கா." போனை வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 12

போன் இல்லை. ஒரு வாரம் தாண்டிவிட்டது, கன்று தாங்கிவிட்டது. அதை யாரிடம் சொல்ல? டிரைவரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 19

அக்கா வந்துவிட்டாள். கையில் ஊன்றுகோல். வீட்டுக்குள் போகவில்லை, நேராகக் கொட்டகைக்குப் போனாள். சுட்டியின் விலாவை ஒவ்வொன்றாகத் தடவினாள். என்னைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 20

அவளால் குந்த முடியாது. டிரைவரின் மனைவியைக் கறக்கக் கூப்பிடுவாள் என்று நினைத்து, காலையில் கன்றை அவிழ்த்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அக்கா நாற்காலியைக் கொட்டகைக்குள் போடச் சொன்னாள். உட்கார்ந்தாள்.

"வாளியை எடு."

எடுத்தேன்.

"என்ன பாக்குற? உக்காரு."

உட்கார்ந்தேன். கன்றுக்கு ஒரு காம்பை விட்டுவிட்டு, இரண்டு காம்பில் கறந்தேன். பால் வாளியில் விழும் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் கேட்கப் பிடிக்கவில்லை. முடிந்ததும், பழக்கத்தில், கை தானாகப் பின்பக்கம் வலதுக்குப் போனது. இழுத்தேன். ஒன்றுமில்லை.

"அதுல என்னடா தேடுற?" என்றாள் அக்கா. "அதைத்தான் முன்னாடியே கறந்து முடிச்சிட்டியே."

கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சுட்டி அசைபோட்டது. அக்கா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தாள்.

"நாளைக்கும் நீதான் கறக்கணும். நான் இங்கேயேதான் உக்காந்திருப்பேன்."