தூக்கத்தில் சொன்ன ‘ம்’

மார்ச் 4

சிட்டுவின் அம்மாவுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, எதுவானாலும் எழுதுங்கள் என்றாய். எழுதுகிறேன். சிட்டுவுக்குக் கட்டுப் பிரித்தார்களா? முழங்கையை நீட்டுகிறாளா? அதை மட்டுமாவது எழுது.

அன்று நான் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன். உன் அக்கா, அத்தான் முன்னால் சொன்னதையேதான் இப்போதும் சொல்கிறேன். படியில் குழந்தை அலறியபோதுதான் எனக்கு முழிப்பு வந்தது. நீ நம்பவில்லை. அதனால் தூக்கத்தைச் சோதிக்கிற ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்திருக்கிறேன். தலையில் ஒயர் ஒட்டி, விடியும்வரை மூளையின் அலைகளைப் பதிவு செய்வார்களாம். லிஃப்ட் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டேன்.

சிட்டுவின் அப்பா

*

மார்ச் 11

சிட்டுவின் அப்பாவுக்கு,

கட்டுப் பிரித்தாயிற்று. கை முக்கால்வாசிதான் நீள்கிறது. பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். செய்யும்போதெல்லாம் அழுகிறாள். அக்கா வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி மருந்துக்கடை வேலைக்குப் போய், நாலு பேருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தால்தான் எனக்குக் கொஞ்சம் மறக்கிறது.

சோதனை செய்யுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்தது? அன்று சாயங்காலம்தான், “பிள்ளையத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்” என்று கத்தினீர்கள். அன்று ராத்திரியே தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டு, செருப்பு மாட்டி, தாழ்ப்பாளைத் திறந்தீர்கள். கண் நன்றாகத் திறந்திருந்தது. “எங்க போறீங்க?” என்றேன். “ம்” என்றீர்கள். தூங்குகிறவர் பதில் சொல்வாரா? படியில் ஓடிவந்து கையைப் பிடித்தேன். உதறினீர்கள். அவள் உருண்டாள்.

சிட்டுவின் அம்மா

*

மார்ச் 25

சிட்டுவின் அம்மாவுக்கு,

சோதனை முடிந்தது. ஒயர் ஒட்டிய பசை இன்னும் முடியை விட்டுப் போகவில்லை.

காலையில் டெக்னீஷியன் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திரையில் காட்டினார். முழித்திருக்கும்போது அலைகள் பொடிப்பொடியாக, வேகமாக ஓடுகின்றன. கண்ணை மூடிச் சும்மா படுத்தால் கொஞ்சம் நிதானப்பட்டுச் சீராக வருகின்றன. அசந்து தூங்கும்போது பெரிது பெரிதாக, மெதுவாக ஏறி இறங்குகின்றன. ராத்திரி நான் எழுந்து நடந்தேன் என்றும் சொன்னார்.

“அப்போ நான் கனவு கண்டுதான் எழுந்தேனா?” என்று கேட்டேன்.

“இல்லப்பா. கனவு காணுறப்ப அலை கிட்டத்தட்ட முழிச்சிருக்கிற மாதிரிதான் ஓடும், ஆனா கைகால் அசையாது. நீங்க எழுந்தது அசந்த தூக்கத்துல. மூளையில கொஞ்சம் முழிச்சிக்குது, மிச்சம் தூங்கிட்டே இருக்கு. அதனால கதவைத் திறக்கத் தெரியும். என்ன செய்றோம்னுதான் தெரியாது.”

பிறகு வீடியோவைப் போட்டார். நான் எழுகிறேன். கண் திறந்திருக்கிறது. தலையணையைத் தோளில் சாய்த்து, தட்டிக்கொடுத்தபடியே கதவுப் பக்கம் போகிறேன். நர்ஸ் கூப்பிடுகிறார். “ம்” என்கிறேன். திரையின் கீழே அந்தப் பெரிய அலைகள் நிற்கவே இல்லை. நடுநடுவே பொடி அலைகள் கலந்து ஓடுகின்றன.

அந்த அம்மா எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அப்போதுதான் அழுகிறேன் என்றே தெரிந்தது.

ரிப்போர்ட்டையும், வீடியோ இருக்கிற பென் டிரைவையும் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். பார். பார்த்துவிட்டு வீட்டுக்கு வா.

சிட்டுவின் அப்பா

*

ஏப்ரல் 6

என்னங்க,

பார்த்தேன். நீங்கள் தலையணையைத் தட்டிக்கொடுத்த இடத்தில் அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நான் நாலு தடவை பார்த்தேன்.

உங்களைப் பொய்யர் என்றேன், அதுவும் எல்லார் முன்னாலும். மன்னித்துவிடுங்கள். கையைப் பிடித்து இழுக்காமல் பின்னாலேயே வந்திருந்தால் அவள் விழுந்திருக்க மாட்டாளோ என்று இப்போது என் பங்குக்கு நானும் தூங்காமல் கிடக்கிறேன்.

ஆனால் வர முடியவில்லையே. கோபத்தில் செய்தீர்கள் என்று நினைத்தவரை ஒரு வழி இருந்தது. “இனிமே செய்யாதீங்க” என்று கேட்டிருப்பேன். நீங்கள் சத்தியம் செய்திருப்பீர்கள், நானும் பெட்டியைக் கட்டியிருப்பேன். இப்போது யாரிடம் கேட்பது? நீங்கள் கொடுக்கிற வாக்கு, தூக்கத்தில் எழுந்து நடக்கிறவருக்குத் தெரியாதே.

இனி வரவே வராது என்று டாக்டர் சொன்னாரா? மறைக்காமல் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சிட்டு கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உங்கள் மனைவி

*

ஏப்ரல் 15

அன்புள்ள உனக்கு,

நேரில் நீ மறுபடி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். மாத்திரையாலும் வேளாவேளைக்குத் தூங்குவதாலும் குறையலாம் என்றார் டாக்டர். வராது என்று சொல்லவில்லை.

ஞாயிறு சாப்பிட்டதும் சிட்டு என் மடியிலேயே தூங்கிவிட்டாள். கால் மரத்துப்போயும் நான் அசையவில்லை. நீ மூன்று தடவை வாசலில் வந்து என் முகத்தைப் பார்த்தாய். நாலாவது தடவை பக்கத்தில் வந்து, “முழிச்சுதானே இருக்கீங்க?” என்றாய். “ஆமா” என்றேன். நம்பினாய் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாய். எனக்கு வருத்தமில்லை. பட்டப்பகலிலேயே இப்படிக் காவல் காக்கிற நீ ராத்திரியில் எப்படிக் கண்ணை மூடுவாய்?

நம் வீட்டுக்கு நீங்கள் இருவரும் வந்துவிடுங்கள். உனக்குக் கடையும் பக்கம். கம்பெனிக்கு அருகே தரைத்தளத்தில் எனக்கு ஓர் அறை பார்த்துவிட்டேன். துணிமணியெல்லாம் எடுத்தாயிற்று. சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது.

“அப்பா ஏன் இங்க படுக்கிறதில்ல?” என்று சிட்டு கேட்பாள். வெளியூர் வேலை என்று மட்டும் சொல்லாதே. அப்பாவுக்குத் தூக்கத்தில் ஒரு வியாதி என்றே சொல். கொஞ்சம் பயந்தாலும் பரவாயில்லை. அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று அவள் நினைத்துவிடக் கூடாது.

உன் கணவன்