பூனையின் கண்ணில் வைத்த தாள்

செவ்வாய்க்கிழமை. இத்தாவின் நாற்பத்தோராம் நாள்.

மிருக வைத்தியர் இன்றும் வீட்டுக்கு வந்தார். கணவர் இறந்தபின் இருக்கும் இந்த இத்தா முடியும்வரை அந்நிய ஆண்கள் முன் நான் போகக் கூடாது. அறைத் திரைக்குப் பின்னால் நின்றேன். தம்பிதான் பூனையைப் பிடித்துக்கொண்டான்.

என் கணவர் மௌத்தான நாளிலிருந்து அவருடைய பூனைக்குக் கண் ஈரமாகவே இருக்கிறது. "பூன அழுவுது, நீ ஒரு சொட்டும் அழல்லயே புள்ள" என்று உம்மாவின் தங்கை, என் சாச்சி, எல்லாருக்கும் முன்னால் சொன்னது இன்னும் குத்துகிறது.

வைத்தியர் பூனையின் இமைக்குள் சிறு தாள் ஒன்றைச் செருகி, ஒரு நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று அளந்தார். நேற்றுப் பாதிக்கு மேல் நனைந்தது. இன்று கால்வாசிதான்.

"அப்ப இது அழல்லயா டொக்டர்?" என்று தம்பி கேட்டான்.

"நோய் வருத்தம் ஒண்டுமில்ல. நல்ல சுகமான பூனைக்கும் கண்ணீர் நாளுக்கு நாள் கூடும், குறையும். ஒருநாள் அளவ வெச்சி ஒண்டும் சொல்லேலா."

அவர் போனபின் மேசையில் இரண்டு தாள்கள் மிஞ்சிக் கிடந்தன. கதவைச் சாத்திவிட்டு ஒன்றை என் கண்ணில் வைத்து, அறுபதுவரை எண்ணினேன். பூனையின் அளவுக்குக்கூட நனையவில்லை.

ஒருநாள் அளவுதானே. மற்றதைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன்.