மூன்றாவது ஆடு

சித்தூர். கார்த்திகை, செவ்வாய் இரவு.

மெட்ராஸிலிருந்து ஆந்திரா தனியாகப் பிரிந்ததிலிருந்து ஆபீசில் எதையும் தெலுங்கில் கேட்கிறார்கள். ஆட்டுக்கறியைத் தரம் பிரிக்கும் இங்கிலீஷ் விதிகளைத் தெலுங்கில் பெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. முதுகில் கொழுப்பு மெல்லியதாகப் படர்ந்திருந்தால் ஒரு தரமாம், மிதமாக இருந்தால் வேறு தரமாம். கறியே சமைக்காத சைவ வீட்டில் பிறந்தவனுக்கு இதில் என்ன தெரியும்?

காலையில் ஆடு அறுக்கும் ஆட்டுத்தொட்டிக்கே போய்க் கேட்டேன். கறி வெட்டும் காசிம் பாய், தோலுரித்துத் தொங்கவிட்டிருந்த ஆட்டைக் காட்டினார்.

“வாயால சொன்னா புரியாது சார். முதுவுல கைய வச்சு அமுக்குங்க. எலும்பு தட்டுதா?”

அமுக்கினேன். சூடு இன்னும் ஆறவில்லை. அடுத்த ஆட்டையும் காட்டினார். வித்தியாசம் விரலுக்கே தெரிந்துவிட்டது. ஆபீசுக்குத் திரும்பியதும் தெலுங்கு வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன.

ராத்திரி, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும், சாதத்தைப் பிசையக் கை போகவில்லை. ஸ்பூன் கேட்டேன்.

“கையில இன்னாங்க பண்ணிக்கினீங்க?” என்றாள் மனைவி.

“சுளுக்கு.”

நல்லெண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்து, அந்த விரல்களையே ஒவ்வொன்றாக நீவிவிட்டாள்.

அருவருப்பாக இருந்திருந்தால் இந்நேரம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பாய் எனக்குக் காட்டியது இரண்டு ஆடுகளைத்தான். மூன்றாவதை அவர் காட்டவில்லை. அதன் முதுகுக்கு என் கை தானாகவே போயிற்று.